குறை தகனம்

பாடப்புத்தகம் எழுதியவர்கள் மீது எனக்கு இன்றைக்கும் ஒரு கோபம் உண்டு. எரிதல் என்று எழுதியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? எரிகிறது, எரிந்தது, எரிந்து முடிந்தது என்று தோட்டத்துப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி இருந்திருக்கும். அவர்கள் தகனம் என்று எழுதினார்கள். ஐதரோகாபன்களின் தகனம். பூரண தகனம், குறை தகனம். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது, அது அடுப்பு வேலை இல்லை.

கந்தப்பளைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் செத்தவர்களைப் புதைப்பதுதான் வழக்கம். தேயிலைக்கு மேலே, சவுக்கு மரங்களின் கீழே அதற்கென்று ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அப்பா அங்கே இல்லை. நோய் பரவிய காலத்தில் ஆஸ்பத்திரியில் இறந்தார், உடம்பைத் தரவில்லை. யாரோ ஒருவர் போன் எடுத்து, எழுதி வைத்துப் படிப்பதுபோல நல்ல தமிழில், "பூதவுடல் தகனம் செய்யப்பட்டுவிட்டது" என்றார். அம்மாவுக்குப் புரியவில்லை. போனை என்னிடம் நீட்டி, "என்னமோ சொல்றாங்க, என்னான்னு கேளு" என்றாள். நான் கேட்டுவிட்டு, "எரிச்சிட்டாங்களாம்மா" என்றேன். அன்றிலிருந்து அந்தச் சொல் எங்கள் வீட்டு வாசல்படி ஏறக் கூடாது.

ஏறாமல் எப்படி? நான் உயர்தரப் பரீட்சைக்கு இரசாயனவியல் படிக்கிறவள். வாய்விட்டுப் படித்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும். அதனால் வீட்டில் படிக்கும்போது அந்தச் சொல் வருகிற இடத்தில் எல்லாம் "அது" என்று சொல்லிப் பழகிக்கொண்டேன். புரொப்பேனின் பூரண அது. குறை அது நடைபெறும்போது நிறமும் மணமும் அற்ற நச்சு வாயுவாகிய காபனோரொட்சைட்டு உண்டாகும். அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

இரண்டு தடவை பரீட்சை எழுதி, இரண்டு தடவையும் இரசாயனவியலில் விழுந்திருந்தேன். மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. அதுவும் போனால், விடியக் காலையில் பெரட்டுக் களத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்துக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் கொழும்பில் ஏதாவதொரு துணிக்கடையில் கால் வீங்க நிற்க வேண்டும். இரண்டும் பாவமான வேலைகள் என்று சொல்ல வரவில்லை. எனக்கு இரண்டும் வேண்டாம், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் அக்கா பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தாள். பெண் பிள்ளை பிறந்தது. எடை குறைவு. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போதே சொல்லி அனுப்பினார்கள், எங்கள் டிவிசனுக்கு வருகிற மிட்வைஃப் மிஸ்ஸும் வந்து பார்த்துவிட்டு, "புள்ளைய சூடா வச்சிக்கங்க, குளிர் படவே கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். தை மாதம். விடியற்காலையில் மரக்கறித் தோட்டங்கள் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கும் காலம். அம்மா பயந்துபோனாள். பயந்தால் அம்மா சும்மா இருக்க மாட்டாள், எதையாவது அடைப்பாள்.

எங்கள் வீடு லயத்தில் ஒரு காம்பரா. முன்னால் ஓர் அறை, நடுவில் ஒரு கதவு, பின்னால் அடுப்பு வைத்த குசினி. கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழைகிற அளவுக்கு இடைவெளி உண்டு. அந்த வழியாகத்தான் புகை போகும், மூடுபனி வரும், பக்கத்து வீட்டுச் சண்டை வரும். அம்மா முன் அறையின் இடைவெளி முழுவதையும் பொலித்தீன் வைத்து அடைத்தாள். இருந்த ஒரே ஜன்னலில் உரச்சாக்கை நான்காக மடித்து ஆணி அடித்தாள். கதவுக்கடியில் பழைய சேலையைச் சுருட்டி வைத்தாள். தீட்டுக் கழியும்வரை அக்காவும் பிள்ளையும் அந்த அறையை விட்டு வெளியே வரக் கூடாது. துணைக்கு நானும் உள்ளே. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு இதைவிட அமைதியான இடம் எங்கே கிடைக்கும் என்று அம்மா வேறு சொன்னாள்.

அப்புறம் மச்சான் ஒரு கேஸ் ஹீட்டரைக் கொண்டுவந்து வைத்தார். மச்சான் என்றால் அக்காவின் கணவர். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் ரூம் துப்புரவாக்கும் வேலை. அங்கே கழித்துப் போட்ட ஹீட்டர் அது. முன்பக்கத்தில் மூன்று வெள்ளைத் தட்டுகள், ஒன்றில் நடுவாக வெடிப்பு. பின்னால் சிலிண்டர். தன் பிள்ளைக்காக அதை பஸ்ஸில் ஏற்றி, இறக்கி, தோளில் வைத்து மேடு ஏறி வந்தவரிடம் போய் நான் என்ன சொல்ல? பற்றவைத்ததும் இரண்டு தட்டுகள் செக்கச் சிவந்தன. வெடித்த தட்டில் மட்டும் மஞ்சளாகச் சுவாலை எழுந்து ஆடியது. அம்மாவுக்கு அதுதான் பிடித்தது. "நல்லா எரியுது பாத்தியா. ஒரு பொட்டு பொக இல்ல" என்றாள்.

எனக்கு அந்த மஞ்சளைப் பார்த்ததும் புத்தகம்தான் நினைவுக்கு வந்தது. நீலச் சுவாலை என்றால் பூரண தகனம், மஞ்சள் என்றால் குறை தகனம். அதை எத்தனை தடவை எழுதியிருப்பேன்! ஆனால் எழுதிய விடைக்கு இரண்டு தடவை F வாங்கியவள் என்பதால், நமக்கு என்ன தெரியும் என்று வாயை மூடிக்கொண்டேன். பகலில் அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போன பிறகு ஹீட்டரைக் குறைத்துவிட்டுக் கதவைக் கொஞ்சம் திறப்பேன். "ஏண்டி, புள்ள கால் சில்லுங்குது" என்று அக்கா திட்டுவாள். பொழுது சாய்கிற நேரத்தில் அம்மா வந்தால் எல்லாவற்றையும் அடைத்து, ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிடுவாள். அந்தச் சாமானை உடைத்துப் போட்டிருக்கலாமே என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றும். உடைத்திருந்தால் அந்தக் குளிரில் அந்தத் துளியூண்டு பிள்ளைக்கு என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது. குளிரும் பொய் இல்லை.

ஹட்டனில் எனக்கு டியூஷன் எடுத்த வாத்தியார் சேர், சமன்பாடு சமப்படுத்த ஓர் ஒழுங்கு சொல்லித் தந்திருந்தார். முதலில் காபன், அடுத்தது ஐதரசன், ஒட்சிசன் கடைசி. "ஒட்சிசனப் பத்திக் கவலப்படாதீங்க. அது காத்துல கெடக்கு, வேணுங்கிற அளவு எடுத்துக்கலாம்" என்பார். மற்ற இரண்டும் சரியாக வந்தால் போதும், ஒட்சிசனுக்கு என்ன இலக்கம் வேண்டுமோ அதைப் போட்டுக்கொள்ளலாம். அப்படித்தான் நான் போட்டேன்:

C₃H₈ + 5O₂ → 3CO₂ + 4H₂O

ஒரு புரொப்பேனுக்கு ஐந்து ஒட்சிசன். வேணுங்கிற அளவு எடுத்துக்கலாம்.

பிறகு மழை பிடித்தது. தை மாதத்தில் அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. எங்கள் டிவிசனுக்கு வருகிற பாதையில் மண் சரிந்து விழுந்தது. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, கரண்டும் இல்லை, போனில் ஒரு கோடுகூட இல்லை. சிக்னல் போகும் முன்னால் கடைசியாக மச்சானோடு பேசியபோது ஹீட்டரைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். "ஹோட்டல்ல வெள்ளக்காரங்களே ராத்திரி பூரா போட்டுக்கிட்டுத்தான் தூங்குறாங்க. ஒனக்கு மட்டும் எங்கருந்து வந்துச்சு புது வியாதி" என்றார். மிட்வைஃப் மிஸ் வர வழியில்லை. அம்மாவுக்கும் வேலை இல்லை. வேலை இல்லாததால் வீட்டிலேயே இருந்தாள். காலையிலிருந்து ஹீட்டர் முழுசாக எரிந்தது, முன்கதவு திறக்கவே இல்லை.

எனக்குத் தலை வலித்தது. படிக்காததால் வருகிற வலி என்று நினைத்தேன். பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் சமன்பாடு போட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்தேன். முதுகு நனைந்தது. திரும்பிப் பார்த்தால் சுவர் முழுக்கத் தண்ணீர், கோடு கோடாக வழிகிறது. பொலித்தீனில் முத்து முத்தாகக் கோத்து நிற்கிறது. "செவுரு வேர்க்குதும்மா" என்றேன். "மழைக்கு ஊறுது" என்றாள் அம்மா. ஆனால் மழை அடிப்பது மறுபக்கச் சுவரில். நான் சாய்ந்திருந்தது பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவர், அதில் மழை படவே படாது. குசினியில் போய்த் தொட்டுப் பார்த்தேன். அங்கே அதே சுவர் காய்ந்து கிடந்தது.

அப்போதுதான் உறைத்தது. அது மழைத் தண்ணீர் இல்லை, நான் கலண்டர்த் தாளில் அம்புக்குறிக்கு வலப்பக்கம் எழுதிய தண்ணீர். காலையிலிருந்து சிலிண்டரிலிருந்து எரிந்து போனதெல்லாம் சுவரில் வழிகிறது. அப்படியானால் ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஐந்தாக ஒட்சிசனும் போயிருக்க வேண்டும். எங்கிருந்து? வேணுங்கிற அளவு எடுத்துக்கொள்ள அந்த அறையில் எங்கே இருக்கிறது காற்று? ஐந்தை அடித்துவிட்டு நான்கு போட்டுச் சமப்படுத்தினேன்:

C₃H₈ + 4O₂ → CO₂ + 2CO + 4H₂O

சமப்பட்டது. அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. ஒட்சிசன் ஒன்று குறைந்தாலும் கணக்கு அழகாகச் சமப்படுகிறது. தண்ணீர் அதே நான்கு. சுவரைப் பார்த்து இது எந்தச் சமன்பாடு என்று யாராலும் சொல்ல முடியாது. பரீட்சைத் தாளில் இரண்டுக்கும் முழுப் புள்ளி. இரண்டாவதில் மட்டும் அந்த அறைக்குள் காபனோரொட்சைட்டு இருக்கிறது.

பிள்ளையைப் பார்த்தேன். பிள்ளை அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது. மத்தியானத்திலிருந்து பாலுக்கும் அழவில்லை. "எவ்ளோ நல்ல புள்ள பாரு, சத்தமே இல்ல. கன்னமெல்லாம் செவந்து போச்சு" என்று அம்மா திருஷ்டி கழிப்பதுபோல விரலை நெற்றியில் வைத்து முறித்தாள். அக்கா சுருண்டு படுத்திருந்தாள். கூப்பிட்டால் ம் என்றாள், கண் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன் வாந்தி எடுத்திருந்தாள், பெத்த உடம்பு அப்படித்தான் என்று அம்மா துடைத்துவிட்டிருந்தாள்.

"அம்மா, கதவத் தொறங்க. ஹீட்டர அணைங்க. இதுல நச்சு வாயு வருது."

"பொக எங்க? வாட எங்க? முப்பது வருஷமா வெறகுப் பொகையில வேகுறேன், எனக்கு என்னா ஆச்சு?"

அம்மா கேட்டது நியாயமான கேள்விதான். அந்தப் புகைக்குக் கூரைக்கடியில் வழி இருந்தது, இதற்கு இல்லை என்று ஒரே மூச்சில் விளக்க நினைத்தேன். தலைவலியில் நாக்கு தடுமாறியது. வாயில் வந்தது எல்லாம் புத்தகத் தமிழ்தான். "ஒட்சிசன் பத்தலம்மா. ரூமுக்குள்ள குறை தகனம் நடக்குது" என்றேன்.

அம்மா எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தாள். அப்படி அவள் என்னை அடித்ததே இல்லை.

"பச்சப் புள்ள இருக்கிற வீட்டுல எந்த வார்த்தைய சொன்ன? ஒன் நாக்குல சனியா ஒக்காந்திருக்கு?"

அடித்த கையோடு ஓடிப்போய்க் கதவுக்கடியில் இருந்த சேலையை உதறி எறிந்துவிட்டு முன்கதவை விரியத் திறந்தாள். அப்புறம் குசினியின் பின்கதவையும் திறந்தாள். கெட்ட வார்த்தை விழுந்தால் முன்னாலும் பின்னாலும் திறந்துவிட வேண்டும், நுழைந்தது மறுபக்கமாகப் போய்விடும். இது எல்லோருடைய வழக்கமா, அம்மாவே கண்டுபிடித்ததா, எனக்குத் தெரியாது. பிறகு ஹீட்டரின் கழுத்தைத் திருகி அணைத்தாள். "அந்த வார்த்த விழுந்த வீட்டுல இன்னக்கி தீயே ஆகாது" என்றாள். உப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்து அக்காவையும் பிள்ளையையும் சுற்றி, வெளியே கழிவுத் தண்ணீர் ஓடுகிற கானில் கொண்டுபோய்க் கொட்டினாள். அழுதுகொண்டே செய்தாள். காற்று ஒரு வாசலில் நுழைந்து மறுவாசலில் போனது. நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அதை மூச்சு மூச்சாக இழுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அக்கா எழுந்து உட்கார்ந்து, "என்னாம்மா இப்பிடிக் குளிருது" என்று கேட்டுத் தேத்தண்ணி கேட்டாள். பிள்ளை சிணுங்கியது. அன்றிரவு போத்தல்களில் சுடுதண்ணீர் ஊற்றித் துணி சுற்றிப் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் வைத்து, நாங்கள் மூன்று பேரும் நெருக்கியடித்துப் படுத்தோம். கால் விறைத்தது. ஆனால் எல்லோரும் விடியலில் எழுந்தோம்.

மறுநாள் பொழுது சாய்ந்தபோது அம்மா திரும்பவும் பொலித்தீனை இழுத்துவிட்டு, சேலையைச் சுருட்டி வைத்து, ஹீட்டருக்கு முன்னால் குந்தினாள். அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் போய்க் கதவைத் திறந்தால் அவள் திரும்ப அடைப்பாள். எனக்கு இருந்தது ஒரே ஒரு வழி. அந்த வழி எங்கே போய்க் குத்தும் என்றும் எனக்குத் தெரியும், போனை வாங்கி அவளுக்கு அதைச் சொன்னவளே நான்தானே. பரவாயில்லை என்று நினைத்தேன். செத்துப் போனவர் போய்விட்டார், இந்தப் பிள்ளை உயிரோடு இருக்கிறது. புத்தகத்தை எடுத்து, குரலைத் தூக்கி, பள்ளிக்கூடத்தில் ஒப்புவிப்பதுபோலப் படித்தேன். "புரொப்பேனின் பூரண தகனம்."

அம்மாவின் கை தீப்பெட்டியோடு நின்றது.

"படிக்கிறேன்ம்மா. இதான் மூணாவது தடவ" என்றேன்.

படிக்காதே என்று அவளால் சொல்ல முடியாது. நான் படித்து இந்த மலையை விட்டுப் போக வேண்டும் என்று என்னைவிட அவளுக்குத்தான் ஆசை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்த அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். பிறகு எழுந்து கதவைத் திறந்தாள். உப்பு, மிளகாய், கான். ஹீட்டர் எரியவில்லை.

அதற்கடுத்த நாள் என்னைக் குசினிக்குத் துரத்தினாள். நடுக்கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டாள். இப்போது அவர்கள் அடைபட்டு உள்ளே, நான் வெளியே. அறைக்குள் இருந்தபோதுகூட எனக்கு அப்படி நெஞ்சு அடைக்கவில்லை. கதவில் வாயை வைத்து உரக்கப் படித்தேன். பியூட்டேனின் தகனம். எதேனின் தகனம். குசினிக் கூரையின் இடைவெளி வழியாகச் சத்தம் லயம் முழுக்கப் போனது. பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னாடி, புள்ள பொறந்த வீட்டுல எழவு சொல்ற மாதிரி கத்துற? நல்ல வார்த்தையே ஒன் புத்தகத்துல இல்லியா?" என்று கத்தினாள். "இல்லக்கா, இத எழுதுனவங்களத்தான் கேக்கணும்" என்று நானும் கத்தினேன். உள்ளே தாழ் விலகுகிற சத்தம் கேட்கிறவரைக்கும் படித்தேன். அன்றைக்குத் தொண்டை கட்டிப்போனது.

பாதையில் மண்ணை அள்ளி முடிக்கிறவரை தினமும் இதுதான். அதற்குள் லயம் முழுக்க எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். கருநாக்கு. நான் பைப்படிக்குப் போனால் கைப்பிள்ளைக்காரிகள் முந்தானையால் பிள்ளையை மூடிக்கொண்டார்கள். பாதை திறந்ததும் மச்சான் வந்தார், அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஹீட்டரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போனார். மிட்வைஃப் மிஸ் வரும்போது அறையில் ஹீட்டரும் இல்லை, சுவரில் தண்ணீரும் இல்லை. பிள்ளையை நிறுத்துப் பார்த்து, எடை ஏறியிருக்கிறது என்றார். "இவ வாய்க்குத் தப்பிச்சு ஏறியிருக்கு" என்றாள் அம்மா. நான் சொல்ல வாயெடுத்தேன். அக்கா, "ஒண்ணும் சொல்லாத. போதும்" என்றாள்.

முப்பதாம் நாள் தீட்டுக் கழித்துப் பெயர் வைக்கிற நாள் வந்தது. சுவருக்கு வெள்ளை அடித்து, உரச்சாக்கைப் பிடுங்கி, ஜன்னலைத் திறந்திருந்தார்கள். சாம்பிராணி போட்டாயிற்று. மச்சானின் சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்தாயிற்று. பிள்ளையின் காதில் பெயர் சொல்லப் போகிற நேரத்தில் அக்கா என்னைப் பார்க்காமல் சொன்னாள். "கோவிச்சுக்காத. பேரு சொல்லும்போது மட்டும் கொஞ்சம் வெளிய நில்லு."

நான் போய்க் கானுக்குப் பக்கத்தில் நின்றேன். அம்மா அத்தனை நாளும் உப்பும் மிளகாயும் கொட்டிய இடம். அந்தப் பிள்ளையை நான் தூக்கி எத்தனை நாளாயிற்று என்று நினைத்தபோது கண் நிறைந்தது. உள்ளே பேச்சு அடங்கியது. பெயர் என்ன என்று கேட்க ஜன்னல் பக்கமாகக் காதைக் கொடுத்தேன்.

பெயர் கேட்கவில்லை. அதற்குள் பிள்ளை வீரிட்டு அழ ஆரம்பித்தது. அப்படி ஓர் அழுகை. அடிவயிற்றிலிருந்து எடுத்து, மூச்சு முட்ட நிறுத்தி, திரும்ப நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு அழுதது. யார் தூக்கியும் நிற்கவில்லை. அம்மா ஜன்னலுக்கு வந்து என்னைப் பார்த்தாள்.

"எப்பிடிக் கத்துது பாரு. சத்தமே இல்லாம கெடந்த புள்ள. எல்லாம் ஒன் நாக்குதான்."

"ஆமாம்மா" என்றேன். "என் நாக்குதான்."